எந்த ஊரு தம்பி?

(தலைப்பு: ‘முன்பின் தெரியாத வெளிநாட்டு நகரத்தில் முதலில் மனசில் பதிவது ஊரின் பிரமிப்பா? மனிதர்களின் பேச்சா?’ ‘மனிதர்களின் பேச்சே’ என்ற அணியில், கடலூர் மேடையில் பேசிய கொத்தனார் ஒருவரின் உரை.)



நான் பெரிய பேச்சாளன் இல்லீங்க. சிதம்பரத்துக்குப் பக்கத்துல புவனகிரி. கொத்தனார் வேலை. மேடை கட்டியிருக்கேனே தவிர, மேடை ஏறினது இல்ல. (சிரிப்பு)

எதிரணியில பேசின தங்கச்சி, ‘வெளிநாட்டுல இறங்கினதும் ரோடு பளபளன்னு இருந்துச்சு, கட்டடம் வானத்தைத் தொட்டுச்சு, அதுதான் மனசுல நின்னுச்சு’ன்னு அழகா சொன்னாங்க. வாஸ்தவம்தாங்க. 1996-ல நான் சிங்கப்பூர்ல போய் இறங்கினப்போ எனக்கும் வாய் பொளந்துதான் போச்சு. சாங்கி விமான நிலையத்துத் தரை எங்க வீட்டு சாப்பாட்டுத் தட்டைவிட சுத்தமா இருந்துச்சு. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கலாமான்னு யோசிச்சேன். (சிரிப்பு) ரோட்டுல குப்பை போட்டா அபராதம். சூயிங்கம் விக்கக்கூடாதுன்னு 1992-லயே தடை போட்டுட்டாங்க. நானோ வெத்தலைப் பாக்குப் பழக்கம் உள்ளவன். வாயில ஊறினதைத் துப்ப இடம் தெரியாம முழுங்கிட்டேனுங்க! (பலத்த சிரிப்பு)

முதன் முதலா அந்த ஊர் நோட்டைக் கையில வாங்கிப் பார்த்தேன். நாலு மொழியில ஊர் பேரு. அதுல ஒண்ணு தமிழ். உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஆனா நடுவர் அவர்களே, நோட்டுல தமிழ் இருந்துச்சு. என்கிட்ட தமிழ்ல பேச ஒரு ஆள் இல்ல. நான் தங்கின அறையில பன்னண்டு பேர். தாய்லாந்துக்காரங்க, பங்களாதேஷ்காரங்க. எல்லாரும் நல்ல பசங்கதான். சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். எத்தனை நாளைக்குங்க சிரிச்சுக்கிட்டே இருக்கிறது? (சிரிப்பு)

அம்மாவோட வளையல் வட்டிக்கடையில இருந்துச்சு. அப்பா விட்டுட்டுப் போன அரைக்காணி நிலம் அடமானத்துல இருந்துச்சு. அதை எல்லாம் நெனச்சுக்கிட்டு படுத்தா, அந்த ஊரு விளக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியுமாய்யா?

அங்க நேரம் நமக்கு ரெண்டரை மணி முன்னால. எல்லாரும் வாட்ச்சைத் திருப்பி வெச்சுக்கிட்டாங்க. நான் வெக்கல. அங்க காலையில ஏழரைக்கு லாரியில ஏறுவேன். என் வாட்ச்ல அஞ்சு மணி. ‘இப்ப அம்மா வாசல் தெளிக்கும்’னு நெனச்சுக்குவேன். மத்தியானம் சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சா, என் வாட்ச்ல ஒன்பதரை. ‘இப்ப அம்மா களையெடுக்கக் கிளம்பியிருக்கும்.’ உடம்பு சிங்கப்பூர்ல, உசிரு புவனகிரியில. (கைதட்டல்)

நடுவர்: அம்மாவுக்குப் போன் பண்ணினீங்களா?

பண்ணினேங்கய்யா. மளிகைக் கடைக்குப் போன் பண்ணினா, ஆள் ஓடிப் போய் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. அம்மா கேட்ட முதல் கேள்வி, ‘சாப்பிட்டியாடா?’ அன்னைக்கு நான் சாப்பிட்டது ஒரு ரொட்டித் துண்டு. ‘வயிறாரச் சாப்பிட்டேம்மா’ன்னேன். ‘ஊரு எப்படிடா இருக்கு?’ ‘சொர்க்கம்மா!’ன்னேன். போனை வெச்சுட்டு, தூணுக்குப் பின்னால நின்னு அழுதேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை லீவு. சவுத் பிரிட்ஜ் சாலையில மாரியம்மன் கோயில் இருக்குன்னு கேள்விப்பட்டு, விசாரிச்சுக்கிட்டுப் போனேன். தூரத்துல கோபுரம் தெரிஞ்சுது. உள்ள போய் ஒரு ஓரமா உக்காந்தேன். பக்கத்துல வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கேட்டாரு: ‘எந்த ஊரு தம்பி?’

ஐயா, அந்த மூணு வார்த்தைதாங்க நான் பார்த்த சிங்கப்பூர்! (கைதட்டல்)

‘கடலூர் மாவட்டம்’னேன். ‘அது எங்க இருக்கு?’ன்னாரு. நம்ம தென்னாற்காட்டை 1993-லதானே பிரிச்சாங்க, அவருக்குத் தெரியல. ‘சிதம்பரம் பக்கம்’னு சொன்னதும் முகம் மலர்ந்துச்சு. ‘அட, தென்னாற்காடுன்னு சொல்லு! இந்தக் கோயிலே உங்க சனங்களுக்கு ஏற்பட்டதுதாம்ப்பா’ன்னு கதை சொல்ல ஆரம்பிச்சாரு.

1819 மே மாசம் ராஃபிள்ஸ் துரை ரெண்டாவது தடவை சிங்கப்பூர் வந்தப்போ, பினாங்குலேர்ந்து கூட வந்தவர் நாராயண பிள்ளை. ஊரு வளருது, கட்டடம் கட்ட ஆள் இல்லைங்கிறதைப் பார்த்தாரு. செங்கல் சூளை போட்டாரு. என் தொழில்காரருங்க! (சிரிப்பு, கைதட்டல்) அவர்தான் 1827-ல அந்தக் கோயிலை ஏற்படுத்தினாரு. முதல்ல மரமும் ஓலையுமாத்தான் இருந்துச்சாம். அங்க வந்து கும்பிட்ட ஆரம்ப கால சனங்க பெரும்பாலும் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்துலேர்ந்து போனவங்க. புதுசா கப்பல்ல வந்து இறங்குறவனுக்கு வேலையும் வீடும் கிடைக்கிற வரைக்கும் கோயில்லயே தங்க இடம் கொடுத்திருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க. இதே கடலூருக்கு வெள்ளைக்காரன் வந்தான். 1690-ல தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியர்கிட்டேர்ந்து கம்பெனி விலைக்கு வாங்குச்சு. நம்ம ஊருக்கு வந்தவன் கோட்டைக்குள்ள உக்காந்தான். நம்ம ஆளு போன ஊர்ல, பின்னால வர்றவனுக்குப் படுக்க இடம் கொடுத்தான்! (நீண்ட கைதட்டல்)

அந்தப் பெரியவர் என்னைச் சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி சோறு வாங்கிக் கொடுத்தாரு. காசு கொடுக்கப் போனேன். ‘எனக்கு ஒருத்தர் வாங்கிக் கொடுத்தாரு. நீ இன்னொருத்தனுக்கு வாங்கிக் கொடு, கணக்கு சரியாப் போயிடும்’னாரு. அன்னைக்கு ராத்திரிதான் வாட்ச்சைச் சிங்கப்பூர் நேரத்துக்குத் திருப்பினேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்தேன். நிலத்தை மீட்டேன். அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். அம்மா சிரிச்சுட்டு, ‘நீ சொர்க்கம்னு சொன்ன அன்னைக்கே தெரியும்டா, குரல் அடைச்சிருந்துச்சு. அடுத்த தடவை பேசினப்போதான் குரல் தெளிஞ்சிருந்துச்சு. அன்னைக்குத்தான் நான் தூங்கினேன்’னு சொன்னாங்க. பேர் தெரியாத ஒரு பெரியவர் பேசின பேச்சு, கடல் தாண்டி எங்க அம்மாவைத் தூங்க வெச்சிருக்குங்க. (கைதட்டல்)

முடிச்சுடறேன் நடுவர் அவர்களே. போன வருஷம் சிதம்பரம் ரயில் நிலையத்துல ஒரு வடநாட்டுப் பையன். இருபது வயசு இருக்கும். முதுகுல ஒரு பை, கையில ஒரு துண்டுச் சீட்டு. போறவங்ககிட்ட எல்லாம் நீட்டுறான். பார்க்காத மாதிரி போறாங்க. நானும் ரெண்டு எட்டு தாண்டிப் போயிட்டேங்க. பொய் சொல்ல மாட்டேன். அப்ப அவன் போன்ல ‘மா’ன்னு பேசுறான். மத்தது ஒண்ணும் எனக்குப் புரியல. ஆனா அந்தச் சிரிப்பு இருக்கே, அது பொய்ச் சிரிப்பு. தூணுக்குப் பின்னால நின்னவனுக்குத் தெரியாதா அது?

திரும்பிப் போனேன். எனக்கு இந்தி தெரியாது. அதனால தமிழ்லயே கேட்டேன்: ‘எந்த ஊரு தம்பி?’

அவனுக்கு வார்த்தை புரிஞ்சிருக்காது. கண்ணு கலங்கிடுச்சு. இட்லி வாங்கிக் கொடுத்தேன். சீட்டுல இருந்த இடத்துக்குப் பஸ் ஏத்தி விட்டேன். அவன் நாளைக்கு நம்ம சிதம்பரத்தைப் பத்தி அவங்க ஊர்ல என்ன சொல்லுவான்? நடராஜர் கோயில் கோபுரத்தைச் சொல்லுவானோ என்னவோ, ‘ஒருத்தர் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாரு’ன்னு நிச்சயமா சொல்லுவான்.

நம்ம வீட்டுப் பிள்ளைங்களும் எங்கேயோ ஒரு ஊர்ல சீட்டை நீட்டிக்கிட்டு நிக்குதுங்க. அங்க யாராவது கேக்கணும்னு நாம சாமி கும்பிடுறோம் இல்லையா? இங்க நாம கேப்போங்க. (பலத்த கைதட்டல்)