இரக்கத்திற்குத் துணை அறிவு



கடலாமை முட்டைகளை நாய்களிடமிருந்தும் திருடுவோரிடமிருந்தும் காக்க, 1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையினர் இரவெல்லாம் கடற்கரையில் நடந்தனர். அவர்களோடு நடந்த ஐ.ஐ.டி. மாணவர் சதீஷ் பாஸ்கர், பொறியியலை விடுத்து இந்தியக் கடலாமை ஆய்வின் முன்னோடியானார். 1988 முதல் மாணவர்களே அமைப்பாகத் திரண்டு, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அப்பணியைத் தொடர்கின்றனர்.

முட்டைகளைப் பொரிப்பகத்திற்கு மாற்றுவதற்கும் முறையுண்டு. இட்ட சில மணி நேரத்திற்குப் பின் முட்டையைப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு மடியும். காக்க நீட்டிய கையே கொன்றுவிடும்! இவ்வுண்மையை நூலில் படிக்கலாம். கைப்பக்குவமோ, களத்தில் அறிந்தவர் அருகிருந்தே வரும்.

பெற்றோர்களே, தை முதல் பங்குனி வரை ஆமைகள் கரையேறும். ஓரிரவேனும் பிள்ளைகளை அவர்களோடு நடக்க விடுங்கள். அவர்தம் இரக்கத்தோடு அறிவும் வளரட்டும்.