ஆயுதக் கேஸும் குழந்தையின் கண்ணும்

(கீழ்வேளூரில் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"ஆயுதக் கேஸ்" என்றாலே நாம் நடுங்குகிறோம். நடுங்க வேண்டாம். தாய் களைத்துப்போன நேரத்தில், குழந்தைக்கு மூச்சு முட்டும் நேரத்தில், இடுக்கியும் உறிஞ்சு கிண்ணமும் இரண்டு உயிரைக் காப்பாற்றுகின்றன. ஆனால் அதோடு வேலை முடியவில்லை. குழந்தையின் கண்ணைப் பார்த்தாக வேண்டும்.

வெள்ளை விழியில் ரத்தச் சிவப்பு இருந்தால் கலங்காதீர்கள். சுகப் பிரசவத்திலும் அது வரும். இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். இடுக்கி கண்மேல் அழுந்தினால் வருவது வேறு. கருவிழியின் உட்படலம் கிழிந்து, விழி வெளுத்து மங்கும். இது அபூர்வம்; ஆனால் ஆளை ஏமாற்றும். நாளடைவில் மங்கல் தெளியும்; "சரியாகிவிட்டது" என்று வீட்டார் இருந்துவிடுவார்கள். உள்ளே தழும்பு நிற்கும், பார்வை கோணலாகும். அந்தக் கண்ணை மூளை ஒதுக்கிவிடும். இன்னொரு கண் நன்றாக இருப்பதால் பிள்ளை ஓடியாடும், யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். சிறு வயதிலேயே கண்டால், கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சிறிது நேரம் மூடி, மங்கிய கண்ணைப் பழக்கலாம்.

உரிய காலத்தில் கண்ணைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி உண்டு. அது ஆயுதக் கேஸ் அல்ல, குறை மாதக் கேஸ். 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29-வது வாரத்தில் 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறை மாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கலாம். காலத்தில் பார்த்தால் லேசர் சிகிச்சை உண்டு. யாரும் பார்க்கச் சொல்லவில்லை. குழந்தை பார்வை இழந்தது. 2015-ல் சுப்ரீம் கோர்ட் இதைக் கவனக்குறைவு என்று தீர்த்து, சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது. பணம் வந்தது, பார்வை வருமா?

பச்சை உடம்புக்காரி கூலியை விட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு அலைவது லேசா? ஆகவே வீடு திரும்புமுன்பே கேளுங்கள்: "பிள்ளையின் கண்ணைப் பார்த்தீர்களா?" சீட்டில் எழுதி வாங்குங்கள். விழி வெளுத்தாலும், இமை திறக்காவிட்டாலும், நீர் வடிந்தாலும் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்க்க வேண்டும். மிகவும் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்பே.

இது சலுகை அல்ல, தோழர்களே! உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் உரிமை. தயங்காமல் கேளுங்கள்!