கொழும்பின் குப்பையும் தோட்டக்காரரின் மண்ணும்

இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே,

கொட்டாஞ்சேனையில் இருக்கும் நமக்குப் புளூமெண்டல் தூரமில்லை. 2009 வரை கொழும்பின் குப்பை அங்கேதான் மலையாகக் கிடந்தது. பிறகு மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், அந்த மலை வீடுகள்மீது சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பண்டிகைக்குச் சமைத்த வீடுகளில் அன்று பிணம் தேடினார்கள்.

நம் நகரம் வெளியேற்றும் கழிவில் பாதிக்கும் மேல் உக்கக்கூடியது. மிஞ்சிய சோறு, தேங்காய்ப்பூச் சக்கை, மரக்கறித் தோல், மீன் செதில், கோயில் பூமாலை, வாழையிலை. இவை எங்கிருந்து வந்தன? நுவரெலியாவின் லீக்ஸும் கரட்டும், தம்புள்ளையின் பூசணியும் பேலியகொடைச் சந்தைக்கு லொறி லொறியாக வருகின்றன. அவற்றோடு அந்த மண்ணின் நைதரசனும் பொஸ்பரசும் பொட்டாசியமும் வந்துவிடுகின்றன. திரும்பும் லொறியில் அவை போவதில்லை. இந்த வட்டத்தை மூடுவதைத்தான் மண்ணுக்கான சுழற்சிப் பொருளாதாரம் என்று நீங்கள் படித்தீர்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் அதைப் படிக்காமலே செய்தார். பனையோலையைத் தறையில் தாழ்த்தினார், பூவரசங்குழையை வெட்டிப் புதைத்தார், அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுப்பட்டி அடைத்தார்.

2021இல் நடந்ததை நீங்கள் மறக்கக்கூடாது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. நெல், தேயிலை விளைச்சல் விழுந்தது. நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டது. இதற்கிடையில் சீனாவிலிருந்து 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பலில் சேதனப் பசளை வந்தது. அனுப்பிய மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாகச் சொல்லி நம் அதிகாரிகள் அதை இறக்க மறுத்தார்கள். வழக்கும் வாதமும் முடிந்து, 2022 ஜனவரியில் மக்கள் வங்கி அதை அனுப்பிய நிறுவனத்துக்கு 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட டொலர் செலுத்தியது. சொந்தச் சமையலறைக் கழிவைக் குழியில் கொட்டிவிட்டு, சேதனப் பசளைக்குக் கடல்கடந்து கப்பல் வரவழைத்தோம். அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஒரே இரவில் தடைபோட்டது பெரும் பிழை. யூரியாவில் நைதரசன் 46 வீதம். நல்ல கூட்டெருவில் 1 முதல் 2 வீதம்தான். இந்தக் கணக்கை மறைத்து விவசாயியிடம் பேசாதீர்கள். கூட்டெரு யூரியாவின் இடத்தை ஒரு போகத்தில் பிடிக்காது. அது மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், நுண்ணுயிர்களுக்குத் தீனி போடும், இட்ட பசளை மழையில் கழுவிப் போகாமல் காக்கும். போகத்துக்குப் போகம் யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வழி பிறக்கும்.

குப்பையை எரித்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கெரவலப்பிட்டியில் 2021 முதல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். உக்காத குப்பைக்கு அது உதவலாம். ஈரச் சோறு ஒழுங்காக எரியாது. எரிந்தாலும் அதிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடும்.

பலாங்கொடைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே நகர சபை சந்தைக் கழிவையும் மலக்கழிவையும் பதப்படுத்திக் கூட்டெருவாக்கி விற்கிறது. குவியலுக்குள் கையை விட்டால் சூடு தாங்காமல் இழுத்துக்கொள்வீர்கள். 55 பாகைக்கு மேல் சில நாட்கள் வெந்தால்தான் நோய்க்கிருமியும் களைவிதையும் சாகும். உக்கி முடிந்தபின் கறுத்துப் பொலபொலவென்று உதிரும், நாற்றம் இருக்காது.

எல்லாம் கெடுவது நம் வீட்டு வாசலில்தான். ஒரே ஷொப்பிங் பையில் சோற்றோடு உடைந்த போத்தலையும் பற்றரியையும் போடுகிறோம். எவ்வளவு சலித்தாலும் கண்ணாடிச் சில்லு கூட்டெருவில் தங்கிவிடும். பாத்திக்குள் வெறுங்காலோடு நிற்கும் மனிதர் அந்தப் பசளையை இரண்டாம் தரம் வாங்கவே மாட்டார். பற்றரியின் உலோகம் மண்ணில் இறங்கினால் அதை எடுக்க எளிதான வழியில்லை.

உங்களில் சிலர் நாளை உள்ளூராட்சி சபைகளில் அமர்வீர்கள். பிரித்துத் தரும் வீட்டின் குப்பையை மறுபடி ஒரே லொறியில் கலக்க விடாதீர்கள்; மக்களின் நம்பிக்கை போவது அங்கேதான். விவசாயத் திணைக்களத்துக்குப் போகிறவர்கள் மண்ணைப் பரிசோதித்துவிட்டுப் பசளை அளவைச் சொல்லுங்கள். வேறு தொழிலுக்குப் போகிறவர்களும் வீட்டில் சமைப்பீர்கள்தானே? இந்தக் கிழமையே உக்கும் கழிவுக்குத் தனி வாளி வையுங்கள், உங்கள் தொடர்மாடி அயலவர்களையும் வைக்கச் சொல்லுங்கள்.