ஒரு ‘ச்’, ரெண்டு டீச்சர்

இன்னிக்கு எபிசோடு பள்ளிக்கூட டைம்டேபிளைப் பத்தி. ஸ்ப்ரெட்ஷீட்ல இருக்கிற வகுப்பு விவரங்களை, டைம்டேபிள் போடுற மென்பொருளுக்குள்ள ஏத்தறதுல என்னென்ன சிக்கல் வரும்னு சொல்லப் போறேன். அதுல நான் எங்க கோட்டை விட்டேன்னும் சொல்றேன்.

எங்கம்மா விருதுநகர் பக்கம் ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். பல வருஷமா டைம்டேபிள் அவங்க பொறுப்பு. மே மாசம் வந்தா வீட்டு ஹால் முழுக்க சார்ட் பேப்பரும் துண்டுச் சீட்டும்தான். சீட்டு பறந்துடும்னு ஃபேன்கூட போட விட மாட்டாங்க. போன வருஷம் அவங்களுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சிருந்த நேரம். “இந்த வருஷம் நான் போட்டுத் தர்றேன்மா, கம்ப்யூட்டர் பார்த்துக்கும்”னு சொன்னேன்.

நான் எடுத்தது ஃபெட். ருமேனியாவைச் சேர்ந்த லிவியு லாலெஸ்கு உருவாக்கின கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. அதுக்குத் தேவையானது எளிமையான ஒரு பட்டியல். ஒரு வரியில எந்த வகுப்பு, என்ன பாடம், எந்த ஆசிரியர், வாரத்துக்கு எத்தனை பீரியட். இதை சிஎஸ்வி கோப்பா குடுத்தா உள்ள வாங்கிக்கும். ஸ்கூல் ஆபீஸ்ல இருந்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வந்தது. ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சேன்.

முதல் சிக்கல், அந்த ஷீட் மனுஷங்க பார்க்கறதுக்காகப் போட்டது. ‘6ஏ’ன்னு ஒரு தடவை எழுதி, கீழ இருக்கிற எட்டு கட்டத்தையும் ஒண்ணா மெர்ஜ் பண்ணியிருந்தாங்க. நமக்குப் புரியும். ஆனா சிஎஸ்வியா மாத்தினா, முதல் வரியில மட்டும்தான் 6ஏ இருக்கும், மத்த ஏழு வரியும் காலி. மெர்ஜை எடுத்துட்டு ஒவ்வொரு வரியிலயும் வகுப்பை நிரப்பினேன்.

ரெண்டாவது, அறிவியலுக்கு ஒரு டபுள் பீரியட், ரெண்டு சிங்கிள் பீரியட். அதை நான் 2-1-1னு அடிச்சேன். ஸ்ப்ரெட்ஷீட் அதை 2001 ஜனவரி 2ஆம் தேதின்னு எடுத்துக்கிச்சு! சிரிக்காதீங்க, விஞ்ஞானிகளுக்கே இது நடந்திருக்கு. மார்ச்1னு ஒரு மரபணுவோட பேரை எக்செல் தேதியா மாத்திக்கிட்டே இருந்ததால, 2020ல மரபணுக்களுக்குப் பேர் வைக்கிற கமிட்டி அதோட பேரையே மார்ச்எஃப்1னு மாத்திட்டாங்க. என் பிரச்சினை சின்னது. ஃபெட்டுக்கு 2+1+1னு எழுதணும், அவ்வளவுதான்.

மூணாவது, தமிழ்ப் பேரெல்லாம் கேள்விக்குறியா மாறிடுச்சு. சேமிக்கும்போது சாதா சிஎஸ்வி இல்லாம ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’னு தேர்ந்தெடுத்ததும் சரியாச்சு.

இந்த மூணும் கண்ணுக்குத் தெரியுற தப்பு. நான் மாட்டினது தெரியாத ஒண்ணுல.

ஏத்தி முடிச்சதும் ஆசிரியர் எண்ணிக்கையைப் பார்த்தேன், 37. வருகைப் பதிவேட்டுலயும் 37. நிம்மதியா ஜெனரேட் அமுக்கினேன். முடியாதுன்னுடுச்சு. பேர்களை மாத்திச் சொல்றேன், ‘ரேவதி’க்கு வாரத்துக்கு 50 பீரியட்னு காட்டுச்சு. ஒரு நாளைக்கு 8 வீதம் அஞ்சு நாளைக்கு இருக்கிறதே 40 பீரியட். அம்மாகிட்ட கேட்டா, “ரெண்டு ரேவதி இருக்காங்கடா, ஒருத்தங்க சயின்ஸ், ஒருத்தங்க இங்கிலீஷ்”னாங்க. இனிஷியல் சேர்த்துப் பிரிச்சேன். கொஞ்ச நேரத்துல டைம்டேபிள் வந்துடுச்சு. அம்மா, “டீச்சர்வாரியா ஒரு தடவை பார்த்துடறேன், குடு”ன்னாங்க. “மோதல் இருந்தா அதுவே சொல்லும்மா. நீங்க கண்ணை உறுத்திக்காதீங்க”ன்னு வகுப்புவாரியா மட்டும் பிரிண்ட் குடுத்தேன்.

நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. ரேவதியைப் பிரிச்சதும் 37, 38 ஆகியிருக்கணும். ஆச்சு. நான்தான் திரும்ப எண்ணலை.

அந்த 38ஆவது ஆள், தமிழ் டீச்சர். பேர் கலைச்செல்வின்னு வெச்சுக்குவோம். ஆறு, ஏழாம் வகுப்பு ஷீட்ல ‘கலைச்செல்வி’. ஒன்பது, பத்துல ‘கலைசெல்வி’. ஒரு ‘ச்’ விட்டுப்போச்சு. மென்பொருள் மேல தப்பு சொல்ல முடியாது. அதுக்கு எழுத்து வேறன்னா ஆள் வேற.

அந்த டீச்சருக்கு முதுகுல ஆபரேஷன் ஆகி அந்த ஜூன்லதான் திரும்ப வர்றாங்க. தொடர்ந்து ரெண்டு பீரியடுக்கு மேல நிக்க வேண்டியிருக்காதுன்னு அம்மா அவங்களுக்கு வாக்கு குடுத்திருந்தாங்க. அந்த விதியையும் நான் போட்டேன், ‘ச்’ இருக்கிற பேருக்கு மட்டும்.

திங்கட்கிழமை மூணாவது பீரியட், 7பியிலயும் 9ஏவுலயும் அவங்க பேர். 9ஏவுக்கு ஆள் வரலைன்னு அம்மாவே போய்ப் பார்த்துக்கிட்டாங்க. ஏதோ ஒரு இடத்துல தவறிடுச்சுன்னு விட்டுட்டோம். வியாழக்கிழமைதான் தெரிஞ்சது, செவ்வாய்க்கிழமை அந்த டீச்சர் தொடர்ந்து நாலு பீரியட் நின்னிருக்காங்க. ஏன் சொல்லலைன்னு அம்மா கேட்டதுக்கு, “நீங்க போட்டது, வேற வழி இருந்திருக்காதுன்னு நினைச்சேன்க்கா”ன்னாங்களாம்.

வீட்டுக்கு வந்து அம்மா என்னைத் திட்டலை. “சீட்டுல பேரு எழுதுறப்பவே எனக்கு ஆளு ஞாபகம் வந்துடும் தம்பி. உன் பெட்டிக்கு யாரைத் தெரியும்?”னு மட்டும் கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேருமா உக்காந்து திருத்தினோம்.

ரேவதி விஷயத்துல ரெண்டு ஆள் ஒண்ணாச்சு, மென்பொருள் உடனே கத்திடுச்சு. இங்க ஒரு ஆள் ரெண்டாச்சு, அதுக்கு வேலை இன்னும் சுலபமாச்சு. அதனால சத்தமே இல்லை.

இந்த வருஷம் செஞ்சதைச் சொல்றேன். ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு குறியீடு. பேரை யாரும் டைப் பண்றதில்லை, ட்ராப்டவுன் பட்டியல்ல இருந்து எடுக்கணும். டைப் பண்ணின பழைய ஷீட்தான் கையில இருக்குன்னா, ஆசிரியர் பத்தியைத் தனியா காப்பி பண்ணி, ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ போட்டு, அகர வரிசையில அடுக்குங்க. பக்கத்து பக்கத்துல ஒரே மாதிரி பேர் வந்தா நின்னு பாருங்க. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசமும் உண்டு. பேருக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் இருக்கலாம். ‘கொ’ங்கிற எழுத்தோட கொம்பும் காலும் யூனிகோட்ல ஒரே குறியாவும் வரலாம், ரெண்டு குறியாவும் வரலாம். எண்ணிக்கையை ஒவ்வொரு திருத்தத்துக்கு அப்புறமும் எண்ணுங்க.

கடைசியா, டீச்சர்வாரியா பிரிண்ட் எடுத்து அவங்கவங்க கையில குடுத்து, ஒரு நாள் டைம் குடுங்க. இந்த மே மாசம் அம்மா அதைத்தான் முதல்ல கேட்டாங்க. ஃபேனைப் போட்டுட்டு, 37 தாளையும் ஒவ்வொண்ணா பார்த்தாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.