உம்ராவுக்கு முன் கால்களைப் பழக்குவோம்

(உம்ரா செல்லவிருப்போருக்கான வழிகாட்டிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியது)



இஹ்ராம், தவாஃப், துஆக்கள் பற்றி ஹஜ்ரத் அவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் கால்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஸஃபாவிலிருந்து மர்வா ஏறக்குறைய 450 மீட்டர். ஏழு நடை என்றால் 3 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன்பே தவாஃபில் ஏழு சுற்று முடித்திருப்போம். கூட்டம் அதிகமாகி மேல்தளத்தில் சுற்ற நேர்ந்தால் ஒவ்வொரு சுற்றும் பல மடங்கு நீளும். அடுத்த தெருப் பள்ளிவாசலுக்கே பைக்கில் போகிற நாம்தான் இவ்வளவும் நடக்கப் போகிறோம். முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி இருக்கிறது. மார்க்கம் தந்த சலுகை அது, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நோய் எதுவும் இல்லாத 50 வயதுக்காரர், நடந்து பழகாத ஒரே காரணத்தால் அதில் உட்கார நேர்வது வருத்தமானது.

"நாளையிலிருந்து நடப்பேன், இன்ஷா அல்லாஹ்" என்று பலரும் சொல்கிறார்கள். எவ்வளவு நேரம், வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டால் பதில் இல்லை. "நான்கு மாதத்துக்குள், எங்கும் உட்காராமல் ஒரு மணி நேரம் நடப்பேன்" என்றால் அது இலக்கு. இன்று 10 நிமிடத்திலேயே கால் சோர்ந்தால் உங்கள் தொடக்கம் 10 நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர் 40 நிமிடம் நடப்பது அவர் கணக்கு.

கொடுக்கிற வேலைக்கு மட்டுமே உடம்பு பழகும். நான்கு மாதமும் அதே 10 நிமிடம் நடந்தால் அதற்குமேல் தாங்காது. ஆகவே வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். முதல் வாரமே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, இரண்டாம் வாரம் குதிகால் வலியோடு படுத்துக்கொள்வது நம்மவர்களின் வழக்கம்! தசை தேறுவது ஓய்விலும் தூக்கத்திலும்தான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். ஆனால் சில வாரங்கள் அடியோடு விட்டுவிட்டால் சேர்த்த பலம் கரையத் தொடங்கும். சிறிய அமலானாலும் நிலையாகச் செய்வதன் சிறப்பை நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம்!

வேகத்துக்கு ஓர் அளவு உண்டு: நடக்கும்போது பேச வர வேண்டும், பாட வரக்கூடாது. இந்த வேகத்தில் வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சேர்க்கச் சொல்கிறது. ஸுஜூதிலிருந்து எழ முழங்காலைப் பிடிப்பவர்களுக்கு நடை மட்டும் போதாது. சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கையூன்றாமல் 5 தடவை எழுந்து உட்காருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்து, மெல்ல 15 வரை கூட்டலாம்.

"வீட்டு வேலையே போதாதா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். வேலை அதிகம்தான், ஆனால் அரை மணி நேரம் நிற்காமல் நடப்பது அதில் இல்லை. தெருவில் நடக்கக் கூச்சமென்றால் மொட்டை மாடி போதும். அந்த நேரம் பிள்ளைகளை ஆண்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவர்களால் நடக்க முடியாது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடக்க வேண்டாம். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நடந்த நிமிடத்தை அன்றன்று காலண்டரில் குறித்துவையுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் பாஸ்போர்ட் நகலோடு அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள்.