மூடி வைத்து எழுதுங்கள்

வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் ரேடியோ பக்கம் கொஞ்சம் கூப்பிடுங்கள், நல்ல ஆங்கிலம் எழுத ஒரு வழி சொல்கிறேன்.

பெஞ்சமின் பிராங்க்ளின், பாஸ்டன் நகரில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பார்த்த பையன். பள்ளிப்படிப்பு பத்து வயதோடு சரி. நல்ல ஆங்கிலம் எழுத எப்படிக் கற்றார்? 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகைக் கட்டுரை ஒன்றை எடுப்பார். வாக்கியத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு. பிறகு மூடி வைத்துவிடுவார். சில நாள் கழித்து, குறிப்பை மட்டும் பார்த்து, அதே கட்டுரையைத் தானே எழுதுவார். அப்புறம்தான் மூலத்தைத் திறப்பார்.

அம்மா வைத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் நமக்குக் குழம்பு வைக்க வந்துவிடுமா? நாமும் வைத்து, இரண்டையும் ருசி பார்த்தால்தான் புளி தூக்கலா, உப்பு குறைவா என்பது தெரியும்.

ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் ஒரு பத்தி போதும். குறிப்பெடுங்கள். மூடி வையுங்கள். எழுதுங்கள். பிறகு திறந்து பாருங்கள். நீங்கள் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதியிருப்பீர்கள். அங்கே வெறும் 'டிஸ்கஸ்' இருக்கும். நீங்களே கண்டுபிடித்த பிழை லேசில் மறக்காது.

பேச்சுக்கும் இதே வழிதான். குறிப்பைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள், செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இன்றைக்கே ஒரு பத்தியை எடுத்துத் தொடங்குங்கள். மூடி வைக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.