கேதுரு தோப்பும் ஒரு காயும்

லெபனானில் ப்ஷார்ரே என்றொரு மலையூர். கவிஞர் கலீல் ஜிப்ரான் 1883-இல் பிறந்தது அங்கேதான். அவர் அடக்கமான பழைய மடம் இன்று அருங்காட்சியகம். கீழே கதீஷா பள்ளத்தாக்கில் பாறையோடு பாறையாகத் துறவியர் மடங்கள். மேலே, பைபிளில் வரும் கேதுரு மரங்கள். முன்பு பெருங்காடு, கப்பலுக்கும் கோயிலுக்கும் வெட்டியதில் அங்கே மிஞ்சியது சிறு தோப்புதான். கன்றுகளை ஆடுகள் மேயாமலிருக்க, 1876-இல் விக்டோரியா மகாராணி கொடுத்த பணத்தில் சுற்றுச்சுவர் கட்டினார்கள்.

ஞாபகத்துக்காக ஒரு காயை எடுக்கக் குனிந்தேன். "விடுங்க, அதுல விதை இருக்கும்" என்றாள் மனைவி. வெட்கமாகிவிட்டது. ஆட்டைச் சுவர் தடுக்கும். வாசல் வழியாக உள்ளே போகும் நம்மை யார் தடுப்பது?

நீங்கள் போனால் பாதையை விட்டு இறங்காதீர்கள், வெறுங்கையோடு திரும்புங்கள்.